ஆள் குறைப்பை எதிர்த்து 68 வயதில் சிறைக்குப் போனவர்: போத்தனூர் முதல் ஈரோடு வரை சிங்காரவேலரின் கதை

நிதி இல்லை, அதனால் ஆட்களைக் குறைக்க வேண்டும். ரயில்வே, தபால், டெலிபோன் என எந்த மத்திய அரசு அலுவலகத்தின் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு இல்லாமல் இருக்காது. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வரவில்லை, இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கிறார் என்பதுதான் பொதுவான புகார். 2022 டிசம்பர் 1 நிலவரப்படி ரயில்வேயில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான பணியிடங்கள் காலியாக இருப்பதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியது இல்லை. கொங்கு மண்டலத்தின் ரயில் பாதையில் 1928-லேயே இது பெரிதாக வெடித்தது. கோவையை ஒட்டிய போத்தனூர் ரயில்வே பட்டறை அதில் ஒரு முக்கியக் களம். அந்தப் போராட்டத்தின் முன்னால் நின்று, 10 ஆண்டு தண்டனை வாங்கியவர் 68 வயது சென்னை வக்கீல் ஒருவர். அவர்தான் ம.சிங்காரவேலர். நாலு வருஷம் கழித்து அவர் ஈரோட்டுக்கு வந்து எழுதிக் கொடுத்த திட்டம், தமிழ்நாட்டு அரசியலில் இன்றும் பேசப்படுகிறது.

யார் இவர்? ரயில்வே தொழிலாளர்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? ஈரோட்டில் என்ன நடந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த சிங்காரவேலர்?

1860 பிப்ரவரி 18-ம் தேதி சென்னையில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் சிங்காரவேலர். மாநிலக் கல்லூரியில் பட்டம், பிறகு சட்டப் படிப்பு. 1907-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் மீனவர் குடும்பத்துப் பையன் அந்த இடத்துக்கு வருவது சாதாரண விஷயம் இல்லை.

வக்கீல் தொழிலைத் தாண்டியும் அவருக்கு ஓர் உலகம் இருந்தது. பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவர். 1902-ல் லண்டன் போனபோது அங்கு நடந்த பௌத்த மாநாட்டில் கலந்துகொண்டார். அங்கம்மாள் என்பவரைச் சாதி மறுத்துத் திருமணம் செய்தார். அறிவியல், பொருளாதாரம், தத்துவம் என்று வாங்கி வாங்கிச் சேர்த்த புத்தகங்களால் கடற்கரை ஓரத்து அவர் வீடு பெரிய நூலகமாகவே மாறியிருந்தது. டார்வினும் மார்க்ஸும் சென்னையில் பலருக்கு அறிமுகமானது அந்த வீட்டு அலமாரியில் இருந்துதான்.

வசதியான வாழ்க்கை. அப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் அவர் பொது வாழ்க்கையில் முழுதாக இறங்கியது, பலர் ஓய்வு எடுக்கும் 60 வயதுக்கு மேல்தான்.

வக்கீல் அங்கியை ஏன் எரித்தார்?

முதல் உலகப் போர் முடிந்த சமயம். அரிசி விலை எகிறியது, கூலி மட்டும் அப்படியே இருந்தது. 1918 ஏப்ரலில் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று இது. பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள்தான் இதன் அடித்தளம். பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் அதன் தலைவர்கள்.

1921-ல் அந்த ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச்சூடு, சாதிக் கலவரம் என்று வட சென்னையே கொந்தளித்தது. சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் நின்றார். அதே ஆண்டு காந்தியின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, வக்கீல் அங்கியை எரித்துவிட்டு நீதிமன்றத்தில் இருந்து வெளியேறினார். அதன் பிறகு அவர் தொழில் செய்யப் போகவே இல்லை.

1922 டிசம்பரில் கயாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், தொழிலாளர் பிரச்சினையைக் காங்கிரஸ் கையில் எடுக்க வேண்டும் என்று பேசினார். தன்னைக் கம்யூனிஸ்ட் என்று அங்கே வெளிப்படையாகவே அறிவித்துக்கொண்டார். அதுவரை காங்கிரஸ் மேடை கேட்டிராத பேச்சு அது.

1923 மே 1. சென்னையில் உயர் நீதிமன்றம் எதிரே உள்ள கடற்கரையிலும், திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டம் போட்டு மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுதான் முதல் முறை. அன்றைக்கே தொழிலாளர், விவசாயிகளுக்கென்று தனிக் கட்சியையும் அறிவித்தார். தமிழில் 'தொழிலாளன்' என்ற வார இதழும் வந்தது.

1924-ல் கான்பூர் சதி வழக்கில் அரசு அவர் பெயரையும் சேர்த்தது. உடல்நிலை மிக மோசமாக இருந்ததால் அந்த வழக்கில் இருந்து தப்பினார். 1925 டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அப்போது அவருக்கு வயது 65.

சரி, ரயில்வேக்குள் எப்படி வந்தார்?

இதைப் புரிந்துகொள்ள, அன்றைய ரயில்வே எப்படி இயங்கியது என்று தெரிய வேண்டும்.

ஜோலார்பேட்டையில் இருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மங்களூர் போகும் பாதை முதலில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியிடம் இருந்தது. 1908-ல் அது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியின் கைக்கு மாறியது. கம்பெனியின் தலைமையகம் திருச்சி. பதிவு செய்யப்பட்ட இடம் லண்டன். தண்டவாளமும் ரயிலும் அரசு சொத்து. ஓட்டுவது கம்பெனி, லாபத்தில் பங்கும் உண்டு. பெயர் கம்பெனியாக இருந்தாலும், பணமும் கொள்கையும் இந்திய அரசோடு பிணைந்திருந்தன.

1924-ல் ரயில்வே கணக்கை அரசின் பொதுக் கணக்கில் இருந்து பிரித்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் ரயில்வே தன் வருமானத்தில் இருந்து அரசுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. உடனே சிக்கனம் என்ற சொல் எல்லா அலுவலகத்திலும் ஒலிக்க ஆரம்பித்தது. 1926-ல் சர் வின்சென்ட் ரேவன் தலைமையிலான குழு ரயில்வே பட்டறைகளை ஆய்வு செய்து, தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பதாகச் சொன்னது. அந்த அறிக்கைக்குப் பிறகு, நாடு முழுக்கப் பட்டறைகளில் ஆள் குறைப்புப் பேச்சு வேகம் பிடித்தது.

முதல் பெரிய மோதல் வங்காளத்தில். 1927-ல் கரக்பூர் பட்டறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி அந்த ரயில்வேயின் சங்கத் தலைவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு ஹௌரா அருகே லிலுவா பட்டறை. அதே அலை 1928 கோடையில் தெற்குக்கு வந்தது.

ஒரு வக்கீல் ரயில்வே சங்கத்துக்குத் தலைமை தாங்கலாமா என்ற கேள்வி வரலாம். 1926 தொழிற்சங்கச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. சங்க நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை பார்ப்பவர்களாக இருக்க வேண்டும், மீதிப் பேர் வெளியாட்களாக இருக்கலாம் என்பது சட்டம். காரணம் எளிமையானது. வேலையில் இருப்பவர் தலைவரானால், முதலில் பறிபோவது அவருடைய வேலை. வெளியாளை நிர்வாகம் டிஸ்மிஸ் செய்ய முடியாதே!

போத்தனூரில் என்ன நடந்தது?

அப்போது சவுத் இந்தியன் ரயில்வேக்கு நாகப்பட்டினம், போத்தனூர் ஆகிய இடங்களில் பட்டறைகள் இருந்தன. திருச்சி அருகே பொன்மலையில் புதிதாக ஒரு பெரிய பட்டறையைக் கட்டி, வேலையை அங்கே குவிக்கக் கம்பெனி முடிவு செய்தது. ஒரே இடத்தில் நவீன இயந்திரங்கள், குறைந்த ஆட்கள், குறைந்த செலவு. காகிதத்தில் பார்த்தால் நல்ல கணக்குதான்.

அந்தக் கணக்கில் 3,000-க்கும் அதிகமான தொழிலாளர்கள் உபரி என்று ஆனார்கள்.

யார் உபரி என்று எப்படி முடிவு செய்வது? அதற்குத் தொழில் தேர்வு என்ற ஏற்பாட்டை நிர்வாகம் கொண்டுவந்தது. இருபது வருஷமாக இரும்பு அடித்தவர், பாய்லர் பழுது பார்த்தவர், பெட்டிக்கு மர வேலை செய்தவர் எல்லோரும் தங்கள் திறமையை மறுபடி நிரூபிக்க வேண்டும். தேறவில்லை என்றால் வேலை போகும், இல்லாவிட்டால் குறைந்த கூலிக்குத் தள்ளப்படுவோம் என்று தொழிலாளர்கள் பயந்தார்கள். யாரை அனுப்புவது என்று முன்பே முடிவாகிவிட்டது, தேர்வு வெறும் சாக்கு என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

அந்த நாட்களில் பட்டறைத் தொழிலாளிக்கு வேலை போனால், கூடவே வேறு பலவும் போகும். ரயில்வே குடியிருப்பில் இருப்பவருக்கு வீடு போகும். சொந்த ஊரை விட்டு வந்து பல வருஷம் ஆகியிருக்கும். கற்ற தொழிலுக்கு வெளியில் வேறு முதலாளி கிடையாது. எஞ்சின் பாய்லரைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு ரயில்வேயை விட்டால் எங்கே வேலை?

சங்கம் வைத்த கோரிக்கைகள் இவைதான்:

ஆள் குறைப்பைக் கைவிட வேண்டும்.
தொழில் தேர்வை ரத்து செய்ய வேண்டும்.
கூலியை உயர்த்த வேண்டும்.
ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியர் என்று ஆளுக்கு ஆள் காட்டும் பாகுபாட்டை நிறுத்த வேண்டும்.

ஜூன் கடைசியில் பட்டறைகளில் வேலை முடங்கியது. நிர்வாகம் கதவைச் சாத்தியது. பேச்சுவார்த்தைக்கு வழி தேடியவர்கள் சங்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். பட்டறையோடு நிறுத்திக்கொண்டால் தோற்றுவிடுவோம், ரயிலை நிறுத்தினால்தான் நிர்வாகம் இறங்கி வரும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சிங்காரவேலரும், வங்காளத்தில் இருந்து வந்த முகுந்தலால் சர்க்காரும் இரண்டாவது பக்கம்.

அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டறை மூடிக் கிடந்தால் கம்பெனிக்கு உடனடி நஷ்டம் அதிகம் கிடையாது. ஆட்களைக் குறைக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு, ஆட்கள் தாங்களாகவே வெளியே நிற்பது ஒருவகையில் வசதியும்கூட. ரயில் ஓடாவிட்டால்தான் வருமானம் நிற்கும். ஆனால் அதற்கு டிரைவர், கார்டு, பாயின்ட்ஸ்மேன், சிக்னல் ஊழியர் எல்லோரும் சேர வேண்டும். வேலை போகும் ஆபத்து இல்லாதவர்கள், ஆபத்தில் இருப்பவர்களுக்காகச் சம்பளத்தை விட வேண்டும். எந்தச் சங்கத்துக்கும் கஷ்டமான வேலை இதுதான்.

பத்து நாள் போராட்டம் எப்படி முடிந்தது?

1928 ஜூலை 20-ம் தேதி தொடங்கும்போதே பொது வேலைநிறுத்தம் அமலுக்கு வந்தது. சென்னையில் இருந்து தூத்துக்குடி வரை சவுத் இந்தியன் ரயில்வேயின் பல பகுதிகளில் ரயில்கள் நின்றன. தண்டவாளத்தில் படுத்து மறித்தவர்கள் உண்டு. சில இடங்களில் ரயில் கவிழ்ப்புச் சம்பவங்களும் நடந்தன. போலீஸ் காவலோடு ரயில்களை ஓட்ட நிர்வாகம் முயன்றது.

அந்தச் சம்பவங்களையே காரணம் காட்டி அரசு கையை ஓங்கியது. சில நாட்களிலேயே சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைது செய்யப்பட்டார்கள். சங்கத்தின் மற்ற நிர்வாகிகளும் தொடர்ந்து பிடிபட்டார்கள். தலைமை சிறைக்குள், கையில் காசு இல்லை, அடுத்து என்ன என்று சொல்ல ஆள் இல்லை. ஜூலை 30-ம் தேதி வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது.

கோரிக்கைகளில் எதுவும் நிறைவேறவில்லை. பலர் வேலையை இழந்தார்கள். இதை மூடி மறைக்கத் தேவையில்லை, அந்தப் போராட்டம் தோற்றது.

ஏன் தோற்றது? மூன்று காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, சங்கத்துக்குள்ளேயே மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு, மாதக் கடைசியில் சம்பளம் இல்லாமல் குடும்பத்தை ஓட்டப் போதுமான நிதி சங்கத்திடம் இல்லை. பட்டறைத் தொழிலாளர்கள் ஏற்கெனவே மூன்று வாரமாகக் கூலி இல்லாமல் இருந்தவர்கள். மூன்று, எதிரே நின்றது ஒரு கம்பெனி மட்டும் இல்லை. போலீஸும் நீதிமன்றமும் சேர்ந்த ஓர் அரசு.

சதி வழக்கு நடந்தது. 68 வயது சிங்காரவேலருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வயதில் பத்து ஆண்டு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930 ஆகஸ்டில் வெளியே வந்தார். அப்போது வயது 70.

ஈரோட்டுக்கு ஏன் வந்தார்?

சிறையில் இருந்து வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஈரோட்டில் இருந்து பெரியார் 1925 மே மாதம் தொடங்கிய 'குடி அரசு' வார இதழ் அப்போது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதில் சிங்காரவேலர் எழுத ஆரம்பித்தார். சூரிய கிரகணம் எப்படி வருகிறது என்பதில் இருந்து, கூலிக்கும் லாபத்துக்கும் என்ன உறவு என்பது வரை கடினமான விஷயங்களை எளிய தமிழில் எழுதினார். மூடநம்பிக்கையை எதிர்ப்பவர்களுக்கு அறிவியலும், சாதியை எதிர்ப்பவர்களுக்குப் பொருளாதாரமும் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பெரியார் பக்கமும் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1931 டிசம்பரில் ஐரோப்பியப் பயணம் கிளம்பியவர், அடுத்த ஆண்டு சோவியத் ரஷ்யாவிலும் சில மாதங்கள் தங்கினார். 1932 நவம்பரில் ஊர் திரும்பியபோது, சுயமரியாதை இயக்கம் பொருளாதாரத் திட்டம் ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும் என்ற யோசனையோடு வந்தார். அதை எழுதித் தர அவர் நம்பிய ஆள் சிங்காரவேலர்.

1932 டிசம்பர் 28, 29 தேதிகளில் ஈரோட்டில் இயக்கத் தொண்டர்களின் கூட்டம் நடந்தது. அங்கே முன்வைக்கப்பட்டதுதான் ஈரோடு திட்டம். சமதர்மத் திட்டம் என்றும் சொல்வார்கள்.

ஈரோடு திட்டத்தில் என்ன இருந்தது?

இயக்கத்தை இரண்டு பிரிவாக்கும் யோசனை அதில் இருந்தது. ஒன்று, சமூக சீர்திருத்த வேலையைத் தொடரும் சுயமரியாதைப் பிரிவு. இன்னொன்று, தேர்தல் உள்ளிட்ட அரசியல் வேலைக்கான சமதர்மக் கட்சி.

திட்டத்தின் முக்கிய அம்சங்களைச் சுருக்கமாகச் சொன்னால்:

நாட்டை ஆங்கிலேய ஆட்சியில் இருந்தும், எந்த முதலாளித்துவ ஆட்சியில் இருந்தும் விடுவிப்பது.
ரயில்வே, வங்கி, கப்பல் போக்குவரத்து எல்லாவற்றையும் பொதுமக்கள் உடைமையாக்குவது.
விவசாய நிலம், காடு போன்றவற்றை நஷ்டஈடு இல்லாமல் பொதுவாக்குவது.
தொழிலாளர், விவசாயிகளின் கடன்களை ரத்து செய்வது.
நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்று ஆக்குவது, கூலியை உயர்த்துவது.

இந்தப் பட்டியலில் ரயில்வே இடம்பெற்றதை 1928-ஓடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லாபப் பங்குக்காக ரயில் ஓட்டும் ஒரு கம்பெனி, ஆள் குறைப்பில்தான் முதலில் கை வைக்கும் என்பதை சிங்காரவேலர் கண்ணால் பார்த்திருந்தார். கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, யார் உபரி என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். அப்படியானால் அந்தப் புத்தகத்தையே கை மாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட விடை. பொன்மலையிலும் போத்தனூரிலும் தோற்ற கோரிக்கை, ஈரோட்டில் ஒரு திட்டமாக மாறியது என்று சொல்லலாம்.

ஏழு மணி நேரம் என்பதும் சும்மா போட்ட எண் இல்லை. ஒருவரின் வேலை நேரத்தைக் குறைத்தால், அதே வேலைக்கு இன்னும் ஆட்கள் தேவைப்படுவார்கள். ஆள் குறைப்பு எந்தத் திசையில் போகிறதோ, இது அதற்கு நேர் எதிர்த் திசை.

திட்டம் என்ன ஆனது?

ஒரு வருஷம் வேகமாகப் போனது. ஊர் ஊராகச் சமதர்மக் கூட்டங்கள் நடந்தன. இளைஞரான ப.ஜீவானந்தம் போன்றவர்கள் முழு மூச்சாக இறங்கினார்கள். அரசு விடுமா? 1933 அக்டோபரில் 'குடி அரசு' இதழில் வந்த தலையங்கத்துக்காக டிசம்பரில் பெரியார் கைது செய்யப்பட்டார். 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது.

இயக்கம் ஒட்டுமொத்தமாக நசுக்கப்படும் நிலை வந்தால் சாதி ஒழிப்பு வேலையும் நின்றுவிடும் என்று பெரியார் கணக்குப் போட்டார். 1935-ல் சமதர்மப் பிரச்சாரத்தை நிறுத்தி வைத்தார். சிங்காரவேலரும் ஜீவாவும் இதை ஏற்கவில்லை. பாதை பிரிந்தது. யார் செய்தது சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒருவர் இயக்கத்தைக் காப்பாற்ற நினைத்தார், மற்றவர் திட்டத்தைக் காப்பாற்ற நினைத்தார்.

சிங்காரவேலர் 'புது உலகம்' என்ற மாத இதழை நடத்தினார். பிறகு வயதும் நோயும் அவரை வீட்டோடு கட்டிப்போட்டன. அப்படியும் 1945-ல் சென்னை அச்சகத் தொழிலாளர் மாநாட்டுக்கு வந்தார். வயது 85. 1946 பிப்ரவரி 11-ம் தேதி, 86-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு காலமானார்.

அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி, பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஐந்து பேர் இறந்தார்கள். 1928-ல் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அவர் கேட்டது கிடைத்ததா?

பாதி கிடைத்தது. 1944-ல் சவுத் இந்தியன் ரயில்வேயைக் கம்பெனியிடம் இருந்து அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ம் தேதி தெற்கு ரயில்வே உருவானது. லண்டன் கம்பெனி போய்விட்டது. ரயில்வே மக்கள் சொத்து ஆனது. ரயில்வே ஊழியர் மத்திய அரசு ஊழியர் ஆனார்.

ஆனால் பிரச்சினை அதோடு தீர்ந்ததா? இல்லை. 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பரிலும் மத்திய அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1974 மே 8-ம் தேதி தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாள் நீடித்தது. ஒவ்வொரு முறையும் கைது, டிஸ்மிஸ். எதிரே இருந்தது கம்பெனி இல்லை, சொந்த நாட்டு அரசு. உடைமை மாறினாலும், பணம் போதாதபோது யார் சுமப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஈரோடு திட்டம் முழுதாக விடை சொல்லாத இடமும் இதுதான்.

இன்றைய ஈரோட்டில் இதற்கு என்ன பொருத்தம்?

ஈரோடு இன்றும் பெரிய ரயில் ஊர். டீசல் எஞ்சின் ஷெட், மின்சார எஞ்சின் ஷெட் இரண்டும் இங்கே இருக்கின்றன. 2007-ல் இருந்து சேலம் கோட்டத்தின் கீழ் வருகிறது. போத்தனூரில் சிக்னல் பட்டறை இன்னும் இயங்குகிறது. தொழிற்சங்கக் கிளைகளும் உண்டு.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டியது. 1928-ல் ஆள் குறைப்பு என்றால், வேலையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவது. யார் பாதிக்கப்படுகிறார் என்று பெயர் சொல்லிக் காட்டலாம். அவருக்காக மற்றவர்கள் வேலையை நிறுத்தலாம். இன்றைய முறை வேறு. யாரும் அனுப்பப்படுவதில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படுவதில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்தப் பதவியே ரத்தாகலாம், அல்லது வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போகலாம். வேலை கிடைக்காமல் போனவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ரயில்வே தேர்வுக்கு வருஷக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும் இளைஞராக அவர் இருக்கலாம். அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. அவருக்காக நோட்டீஸ் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை.

இந்தச் சுமை இன்னொரு பக்கமும் விழுகிறது. வேலையில் இருப்பவருக்கு விடுமுறை கிடைப்பது கஷ்டமாகிறது, ஓய்வு நேரம் சுருங்குகிறது. ரயில்வே போன்ற இடத்தில் அது பயணிகளின் பாதுகாப்பையும் தொடும் விஷயம்.

நிதிப் பற்றாக்குறை பொய் என்று சிங்காரவேலர் வாதிட்டதில்லை. பொருளாதாரம் படித்தவர் அவர். பற்றாக்குறை வரும்போது முதல் வெட்டு எப்போதும் கடைசிப் படியில் நிற்பவர் மேல்தான் விழ வேண்டுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் 68 வயதில் ஜெயிலுக்குப் போனார், 72 வயதில் ஈரோட்டில் திட்டம் எழுதினார்.

சென்னை ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்கும் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். பட்டா, வாரிசுச் சான்றிதழ் என்று அரசு வேலையாக அங்கே மக்கள் தினமும் வந்து போகிறார்கள். வாசலில் இருக்கும் பெயர், அரசு வேலைக்குப் போதுமான ஆட்கள் வேண்டும் என்று போராடிச் சிறைக்குப் போன ஒருவருடையது.